கூலி என்றால் யார்

இலங்கையின் மன்னார்க் கரையிலுள்ள வங்காலையில் லூர்தம்மாவைச் சம்மாட்டியார் பெண்சாதி என்றுதான் சொல்வார்கள். சொந்தப் படகும் வலையும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் நடத்துகிறவர் சம்மாட்டி. புருசன் அருளப்பன் அப்படிப்பட்டவர். அவர்களிடம் மீன் கீறிக் கருவாடு போட வந்தவள் பேச்சியம்மா. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு, அடம்பன் பக்கம் குடியேறியவள்.

லூர்தம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “எடி தோட்டக்காட்டாள், இஞ்ச வா” என்பாள். அதை வசவென்று லூர்தம்மா நினைத்ததுமில்லை. தோட்டங்களிலிருந்து வந்தவர்களை ஊரே அப்படித்தான் சொல்லிற்று.

தொண்ணூறில் சண்டை மூண்டபோது இரண்டு குடும்பமும் ஒரே படகில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து கடலே இல்லாத ஓர் ஊரின் அகதி முகாமுக்கு லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அருளப்பன் நெஞ்சு நோவில் படுத்துவிட்டார். மருந்து வாங்க வழியில்லை.

“என்னோட கடலை புடுங்க வாங்கம்மா” என்றாள் பேச்சியம்மா.

மறுநாள் கடலைக் காட்டில் நிலக்காரர் லூர்தம்மாவின் கைகளைப் பார்த்தார். “இதுக்கு முன்ன கூலிக்குப் போயிருக்கீங்களா?”

அவளுக்குப் பொறுக்கவில்லை. “ஐயா, நான் கூலி இல்லை. நாங்கள் சம்மாட்டி வீட்டு ஆக்கள். இவள்தான் கூலி.”

“சம்மட்டியா? கொல்லுப் பட்டறை வெச்சிருந்தீங்களா?”

வரப்பில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கூலிங்கிறது சாயங்காலம் நான் குடுக்கிற காசும்மா. ஆளுக்கு அது பேரில்ல.”

பேச்சியம்மா குனிந்தபடியே செடியைப் பிடுங்கினாள். “எங்க நாட்டுல ஆளுக்குத்தாங்க அந்தப் பேரு. எங்க தாத்தன் இந்தப் பக்கமிருந்துதான் கூலிக்குப் போனாரு. தொரைமாரு காசோட பேர ஆளுக்கு வெச்சாங்க. அப்புறம் எல்லாரும் அப்பிடியே கூப்புட்டாங்க.”

‘எல்லாரும்’ என்றபோது அவள் லூர்தம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று லூர்தம்மாவுக்குத் தோன்றியது. அன்று முழுக்க அவள் தலை நிமிரவில்லை.

பிறகும் இருவரும் ஒன்றாகத்தான் வேலைக்குப் போனார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று லூர்தம்மா பலமுறை நினைத்தாள். “பேச்சி” என்று தொடங்குவாள். “என்னங்கம்மா?” என்றதும் தண்ணீரைப் பற்றியோ வெயிலைப் பற்றியோ சொல்லிவிடுவாள்.

ஒரு நாள் காலையில் பேச்சியம்மா பையோடு வந்து நின்றாள். உறவுக்காரர்கள் இருந்த ஊருக்குக் கிளம்பியிருந்தாள். “போயிட்டு வாறேங்கம்மா. ஐயாவப் பாத்துக்குங்க.”

லூர்தம்மா சுவர்ப்பக்கம் திரும்பி, உறங்குகிறவள்போலக் கிடந்தாள். அருளப்பன்தான் எழும்பி உட்கார்ந்து, “போயிட்டு வா பிள்ளை” என்றார்.

காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகு, “ஏன் எழும்பேல்லை?” என்று கேட்டார்.

“அவளின்ர முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமல் கிடந்தது.”

பேச்சியம்மா பிறகு அந்த முகாமுக்கு வரவேயில்லை.