ஃபில்லர் பண்ணைக்கு வந்த மாப்பிள்ளை

யோப்ஸ்ட் ஃபில்லரைப் போல ஒரு பக்கத்து வீட்டுக்காரன் யாருக்கும் கிடைக்கமாட்டான். ஆனால் அவன் பெயரை எங்கள் ஊரில் முகம் சுளிக்காமல் சொன்னவர்கள் குறைவு. ஃபில்லர் என்றால் செத்த மாட்டின் தோலை உரிப்பவன். எந்தக் காலத்திலோ அவனுடைய பாட்டனாருக்குப் பாட்டனார் செய்த தொழில் அது. யோப்ஸ்ட் கோதுமை விதைத்தான், பன்றி வளர்த்தான், அவ்வளவுதான். இருந்தும் மதுக்கடையில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அவன் பெண்டாட்டி செத்தபோது பெட்டி தூக்க வேண்டிய அக்கம்பக்கத்தாரில் என் வீட்டுக்காரர் ஒருவர்தான் போனார். மற்றவர்களுக்கெல்லாம் அன்றைக்கென்று இடுப்பு வலி!

எங்கள் பக்கத்து வழக்கப்படி, பண்ணைக்குப் பெண் வாரிசு என்றால் வருகிற மாப்பிள்ளை தன் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். யோப்ஸ்டுக்கு ஒரே பெண், கேஷே. வந்த வரன்கள் பெயரைக் கேட்டதும் ஓட்டம் பிடித்தன. கடைசியில் வந்தவன் ஹார்ம். அவன் அம்மா, நானும் கூட இருக்கும்போதே, யோப்ஸ்டின் அடுப்படியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ராஜா மாதிரி வளர்த்த பிள்ளைங்க. அவனைப் போய்த் தோலுரிக்கிறவன்னு ஊரே கூப்பிடணுமா?"

யோப்ஸ்ட் கையைப் பிசைந்தான். "அந்தப் பெயர் என்னோட போகட்டும் சம்பந்தியம்மா. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

ஹார்ம் வாயே திறக்கவில்லை. எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் கல்யாண அறிவிப்பைப் படித்தார். எந்தப் பெயரைச் சொல்லப்போகிறாரோ என்று யோப்ஸ்ட் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"...இனி ஹார்ம் ஃபில்லர் என்று அழைக்கப்படுபவர்..."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹார்ம் எழுந்து திரும்பினான்.

"ஆமாய்யா, ஃபில்லர்தான். உங்க வீட்டு மாடு செத்தா சொல்லியனுப்புங்க, நானே வந்து உரிக்கிறேன். ஐயா, நீங்க படிங்க."

தேவாலயமே சிரித்தது, ஆனால் இந்த முறை அவனோடு சேர்ந்து. அப்பாடா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் யோப்ஸ்ட் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏன் தம்பி, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"அம்மாவை வழிக்குக் கொண்டுவர வேணாமா மாமா? அதுக்கே நாக்குத் தள்ளிடுச்சு."

"அப்போ... பொறக்கிற பிள்ளையும்?"

"அதுவும் ஃபில்லர்தான். வேற என்ன?"

யோப்ஸ்ட் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, நாங்கள் இத்தனை பேர் பார்க்க, விக்கி விக்கி அழுதான்.