மதகை அடைத்தவர் வீட்டுக்கு

காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் முத்துப்பேட்டை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. மன்னார்குடி வழி. எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். டிக்கெட் எட்டு ரூபாய். சென்னையிலிருந்து ரயிலில் உட்கார்ந்தே வந்த அலுப்பு ஒரு பக்கம், கறுத்துக் கிடந்த வானம் ஒரு பக்கம். ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கவில்லை. இந்த மாதத்து மேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களும் இந்தச் சீமையில் உண்டு, கவலைப்படுகிறவர்களும் உண்டு. நான் அன்று இரண்டாவது வகை. மழைகூடப் பெரிதில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு படத்திறப்பில் நான் பேசியாக வேண்டும்.

கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்தேன். பெரும்பகுதி நீர்மூழ்கிக் கப்பலில். அங்கே பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். சொல்லாமலே பழகி, கடைசியில் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூட ஒன்றும் சொல்லாமல் போய்ச் சேர்கிறவர்கள்தான் எங்களில் அதிகம். அதனால் ஓய்வுபெற்ற நாங்கள் சிலர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவர் இறந்தால், உடன் வேலை பார்த்தவர் ஒருவர் அந்த ஊருக்குப் போய், சொல்லக்கூடிய அளவுக்கு அவர் என்ன வேலை செய்தார் என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டு வர வேண்டும். போன வருஷம் வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் சூசை வீட்டுக்குப் போயிருந்தேன். கப்பலில் அவர் சமையல்காரர். கடலுக்கடியில் காற்று கெட்டு எல்லோருக்கும் தலைவலி கண்டிருக்கும்போதும் ரொட்டி சுட்டுத் தருவார். அவர் மகளுக்கு அப்பா ஏதோ துறைமுகத்தில் கேன்டீன் நடத்தினார் என்றுதான் தெரியும். சொன்னதும் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த மாதிரிப் பயணம் எனக்குப் பிடிக்கும். இந்தத் தடவை போவது வீரையன் வீட்டுக்கு. வீரையன் மாரடைப்பில் போய் இரண்டு மாதம் ஆகிறது. அவன் மனைவி அஞ்சம்மாள் சொல்லியனுப்பியிருந்தது ஒரே வரிதான்: அவர் கெட்டவர் இல்லை என்று யாராவது வந்து ஊரிடம் சொல்ல வேண்டும்.

வடுவூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் நடவு வயல். நாற்றுப் பறிக்கிற பெண்கள் மழைக்குத் தலையை மூடும் கொங்காணி மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். மதிலுக்கு மதில் உதயசூரியன், அதற்கு எதிர் மதிலில் இரட்டை இலை, வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவரில் கதிர் அரிவாள். தேர்தல் முடிந்து மாதக்கணக்காகியும் யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

மன்னார்குடியில் ஏழரைக்கு டீக்கு நிறுத்தினார்கள். மறுபடி ஏறியபோது என் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி, மடியில் வாழை இலையில் சுற்றிய பெரிய ரோஜா மாலை.

"எங்க எறங்குறீங்க?" என்றார்.

ஊர்ப் பெயரைச் சொன்னேன். முத்துப்பேட்டைக்கு எட்டு கிலோமீட்டர் முன்னால் ஒரு விலக்கு.

"நானும் அங்கதாங்க. பண்ணையில கணக்கு வழக்கு பாக்குற காரியக்காரன். நீங்க யார் வீட்டுக்கு?"

"வீரையன் வீட்டுக்கு. படத்திறப்பு."

"மதகு அடைச்ச வீரையனா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்த மாலையே அவனுக்குத்தாங்க. எங்க மிராசுதார் ஐயா குடுத்தனுப்புறாரு. அந்தத் தெருவுலயே நன்றி தெரிஞ்ச பய அவன் ஒருத்தன்தான். அவன் மட்டும் அன்னைக்கு அடைக்கலேன்னா எங்க மேலப்பத்து வயல் முழுக்கப் போயிருக்கும்."

என்ன நடந்தது என்று கேட்டேன். கோட்டூர் தாண்டும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பெருமையாகச் சொன்னதையும், அஞ்சம்மாள் பிறகு அழுதுகொண்டு சொன்னதையும் சேர்த்து நான் புரிந்துகொண்டது இது.

ஊருக்கு நடுவே ஒரு வரப்புக் கரை. கரைக்கு இந்தப் பக்கம் தொழிலாளர் தெருவும் மிராசுதாரின் மேலப்பத்து வயல்களும். அந்தப் பக்கம் தாழ்ந்த நிலம், கீழப்பத்து. அதற்குப் பல வருஷம் சண்டை போட்டு, போலீஸ் அடி வாங்கி, சிறைக்குப் போய், தெருக்காரர்கள் குத்தகைப் பதிவு வாங்கியிருந்தார்கள். கரையில் இருப்பது ஒரே ஒரு மதகு. இரண்டு வருஷம் முன்னால் கார்த்திகையில் வடிகால் உடைந்து கீழப்பத்துக்குள் வெள்ளம் வந்தது. அப்போது கரையில் நின்றவன் வீரையன். யாரையும் கூப்பிடவில்லை, யாரையும் கேட்கவில்லை. மதகுப் பலகையை இறக்கிவிட்டான். தண்ணீர் இந்தப் பக்கம் பரவ வழியில்லாமல் கீழப்பத்து முழுகிவிட்டது. அதில் அவன் வயலும் உண்டு, அவன் தம்பி மாரிமுத்துவின் நாலு மா நிலமும் உண்டு. தெருவும் மேலப்பத்தும் தப்பின. தெருக்காரர்கள் சொன்னது, தண்ணீர் இரண்டு பக்கமும் பரவியிருந்தால் வீட்டுக்குள் முழங்கால் அளவுதான் வந்திருக்கும், பயிர் பிழைத்திருக்கும் என்பது. வீரையன் பண்ணைக்கு விலைபோய்விட்டான் என்றும் சொன்னார்கள். வராத வெள்ளத்தைக் கண்ணால் பார்த்தவர் யார்? முழுகிய பயிரை எல்லோரும் பார்த்தார்கள்.

மாலையைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கவலை ஏறியது. பண்ணை மாலை அந்தப் படத்தில் விழுந்தால் தெருவில் ஒருவரும் வர மாட்டார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது. முன்னால் சாலை மறியல், நடவுக் கூலிக்காக. செங்கொடிகள், கட்டிவைத்த நாற்று முடிகளோடு நடுரோட்டில் உட்கார்ந்த பெண்கள், ஓரமாக ஒரு போலீஸ் வேன். காரியக்காரர் மாலையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கண்டக்டர் என்னிடம், "பயப்படாதீங்க சார், கல்லு எறியற ஆளுங்க இல்ல இவங்க" என்றார். நான் பயந்தது அதற்கில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்.

விலக்கில் இறங்கும்போது பத்தரை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மண் சாலை. காரியக்காரருக்குப் பண்ணையிலிருந்து சைக்கிள் வந்திருந்தது. நான் நடந்தேன். தெருவுக்குள் நுழைந்து வீரையன் வீடு எது என்று கேட்டால், கையைக் காட்டுகிறார்கள், வாயைத் திறக்கவில்லை.

அஞ்சம்மாளை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நாற்பதைத் தொட்டிருப்பாள். வாசலில் கீற்றுப் பந்தல், வாடகை ஒலிபெருக்கி, துணி போட்டு மூடிய படம். இருபது பேர் உட்காரப் பாய் விரித்திருந்தாள். மாலை விஷயத்தைச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா என்னைய நடவுக்குக் கூப்புடறதில்லண்ணே. முன்னாடி நான்தான் ஆள் சேத்துக்கிட்டுப் போவேன். இப்ப அசலூருக்குப் போயி நடுறேன். அவரு இருந்தவரைக்கும் ரெண்டு பேரா இருந்தோம். இனிமே இந்தத் தெருவுல ஒத்தையா எப்புடி இருக்கறது? கொழுந்தன் வந்து அந்தத் துணிய எடுத்துட்டாருன்னா போதும், மத்தவங்க தன்னால வந்துருவாங்க. மாலை வந்துச்சுன்னா அவரு வர மாட்டாரு."

மாரிமுத்து அந்தத் தெருவின் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். குத்தகைச் சண்டையில் எட்டு மாதம் உள்ளே இருந்தவர். வருவாரா என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள்.

மத்தியானம் சோறும் கெண்டைமீன் குழம்பும் போட்டாள். ருசியான குழம்புதான், என் யோசனையெல்லாம் சாயங்காலப் பேச்சில் இருந்தது. சொல்வதற்கு என்னிடம் ஒரு சம்பவம் இருந்தது, அதைச் சொல்லலாமா கூடாதா என்றுதான் வழியெல்லாம் குழம்பினேன். சொன்னால் வீரையனுக்கு அது நன்மையா, இருக்கிற பழிக்கு மேல் இன்னொரு பழியா என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றரைக்குக் காரியக்காரர் மாலையோடு வந்தார். அஞ்சம்மாள் பந்தல் வாசலுக்கே போய் நின்றுகொண்டாள். "ஐயாவோட அன்பு எங்களுக்குப் போதுங்க. மாலைய சாமிக்குச் சாத்திடச் சொல்லுங்க" என்றாள். வழியை விட்டு நகரவில்லை. அவர் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார். இனி பண்ணையிலும் அவளுக்கு வேலை கிடைக்காது.

நாலு மணிக்குப் பாயில் எட்டுப் பேர்தான். ஆனால் தெருமுனையில், வேப்பமரத்தடியில், பந்தலைப் பார்க்காத மாதிரி முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஒலிபெருக்கி இருந்தது நல்லதாயிற்று. எழுந்து, இறந்துபோன எங்கள் ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அது எங்கள் வழக்கம். கடைசியில் வீரையன் பெயர். பிறகு அந்தச் சம்பவத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

நீர்மூழ்கியின் உடம்பு பல அறைகளாகப் பிரிந்திருக்கும். அறைக்கும் அறைக்கும் நடுவே கனத்த இரும்புக் கதவு. எந்த அறையில் தண்ணீர் புகுந்தாலும் பக்கத்தில் இருப்பவன் அந்த நிமிஷமே கதவைச் சாத்த வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக்கூடாது. யாரையும் கேட்கக்கூடாது. ஒரு அறை போனால் மற்றவர்கள் பிழைக்கலாம். யோசித்துக்கொண்டு நின்றால் எல்லோரும் போவார்கள். ஒரு நாள் இயந்திர அறையில் கடல்நீர்க் குழாய் ஒன்று வெடித்தது. அறையில் நான் மட்டும் இருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவன் வீரையன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாத்தினான். இடுப்பளவு தண்ணீர் வந்த பிறகு, இருட்டில் தடவித் தடவி அந்தக் குழாயின் வால்வைக் கண்டுபிடித்து மூடினேன். பிறகுதான் கதவு திறந்தது.

"உங்க மதகையும் அவன் அந்தக் கதவாத்தான் பாத்திருப்பான்" என்றேன். "கப்பல்ல யாரையும் கேக்க வேண்டியதில்ல, எல்லாருக்கும் அந்தச் சட்டம் தெரியும். இங்க யாருக்கும் தெரியாது. கூப்புட்டுச் சொல்லிட்டுச் செய்யணும்னு அவனுக்குத் தோணாமப் போயிருச்சு. அது தப்புதான். ஆனா வெலை போனவன் இல்ல."

பாயில் இருந்த ஒரு பெரியவர், "கூட இருந்தவனையே உள்ள வச்சுச் சாத்தியிருக்கான் பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தேன். அஞ்சம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேப்பமரத்தடியிலிருந்து ஒருவர் வந்தார். தோளில் சிவப்புத் துண்டு. வீரையனின் அதே நெற்றி, அதே நடை.

"நான் மாரிமுத்து. ஒண்ணு கேக்கணும். கதவ சாத்துனப்ப உள்ளேருந்து நீங்க என்ன சொன்னீங்க? சாத்துன்னீங்களா, தெறன்னீங்களா?"

சாத்து என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"தெறன்னுதான் கத்துனேன். கதவைப் போட்டு அடிச்சேன். அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டுனேன்."

"வெளிய வந்தப்புறம்?"

"ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிச்சோம். அதப்பத்திப் பேசிக்கல. அவன் எடத்துல நான் நின்னிருந்தா நானும் சாத்தியிருப்பேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேல எங்களுக்குள்ள பேச ஒண்ணுமில்ல."

மாரிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், பந்தலைப் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார்:

"மதக அடைச்சது சரின்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். என் பயிர் போனது போனதுதான். ஆனா அதுக்கப்புறம் எங்கண்ணன் ரெண்டு தடவ என் வாசலுக்கு வந்து நின்னுச்சு. நான்தான் வெளிய வரல."

நேராகப் போய்ப் படத்தின் துணியை எடுத்தார். வெள்ளைச் சீருடையில் வீரையன், மார்பில் நீர்மூழ்கிக்காரர்களான எங்களுக்கு உரிய டால்பின் சின்னம். மரத்தடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் பின்வரிசை மண்ணில் உட்கார்ந்தது.

ஐந்தரைக்கு முத்துப்பேட்டையிலிருந்து மன்னார்குடி போகும் வண்டி. அஞ்சம்மாள் விலக்கு வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். தூறல் ஆரம்பித்திருந்தது. வழியில் களத்தருகே நின்ற ஒருத்தி, "வெள்ளிக்கிழம கீழப்பத்துல நாத்துப்பறி இருக்கு, தெரியுமுல்ல?" என்று பொதுவாகச் சொல்வது போலச் சொன்னாள். அஞ்சம்மாள், "தெரியும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. சென்னையில் என் குடியிருப்பில் யாரும் யாரையும் ஒதுக்கி வைப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு பேசாமல் இரண்டு வருஷம் இருந்தால் எனக்கு அது தெரியவே தெரியாது.

விலக்கில் நிற்கும்போது அஞ்சம்மாள் கேட்டாள். "அண்ணே, நீங்க உள்ள இருந்தப்ப அவரு வெளிய நின்னு எண்ணிக்கிட்டு இருந்தாரா?"

"தெரியலையே தங்கச்சி. ஏன்?"

"தூக்கத்துல எண்ணுவாரு. கல்யாணமான நாள்லேருந்து. நாத்து முடி எண்ணுறாரு போலன்னு நான் பாட்டுக்குத் திரும்பிப் படுத்துக்குவேன். எப்பவும் ஒரே நம்பர்லதான் நிறுத்துவாரு. நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயி வாசக்கதவத் தொறந்து பாத்துட்டு வருவாரு."

வண்டி வந்துவிட்டது. அந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் நிறுத்துகிற எண் அஞ்சம்மாளுக்குத் தெரியும். கேட்காமலே ஏறிவிட்டேன்.