கூரைமேல் அம்மிக்கல்

எங்கள் வீட்டுக்குக் கிரைண்டர் வந்த அன்றைக்கே அம்மிக்கல்லுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரைத் தகரத்தின் மேல் வைத்தார். டிக்கோயாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மேட்டில், ஆறு வீடு வரிசையாக ஒட்டியிருக்கிற லயம் எங்களுடையது. ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று ஆளையே தள்ளும். அதனால் ஆறு வீட்டுக் கூரையிலும் கல், பழைய டயர், மண்மூட்டை என்று ஏதாவது இருக்கும்.

எங்கள் கல்லுக்கு நேர் கீழே மகள் படிக்கிற மேசை. பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை.

"கல்லத் தூக்கித் தலைக்கு மேல வச்சிட்டு கீழ புள்ளய ஒக்கார வப்பாங்களா? கம்பி வாங்கித் தகரத்தக் கட்டுங்க" என்று வருஷா வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

"பாரம் இருந்தாத்தான் தகரம் நிக்கும். ஒனக்கு என்னா தெரியும்?" என்பார்.

அரசாங்கத்து ஆட்கள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தும் சொன்னார்கள்: கூரையில் பாரம் ஏற்றாதீர்கள், காற்று கூடினால் பாடசாலைக் கட்டடத்துக்குப் போங்கள் என்று. "அவங்க வீடெல்லாம் காங்கிரீட்டு. சொல்லுவாங்க" என்றார். மனுஷனா, மரக்கட்டையா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போதே தகரம் எழும்பி எழும்பி அடித்தது. மேலே கல் நகர்கிற சத்தம் கேட்டது. மகளைக் கூப்பிட்டால், "இந்தக் கணக்க முடிச்சிட்டு வாறேம்மா" என்கிறாள். அவரோ கூரை பறக்காமல் இருக்க விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "எங்கயும் போகத் தேவையில்ல" என்கிறார். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மண்டை.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! மேசைமேல் கிடந்த கொப்பி, புத்தகம் அத்தனையையும் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். கூப்பிட்டு வராத பிள்ளை, புத்தகம் போகிறது என்றதும் பின்னாலேயே ஓடி வந்தாள். அவள் பின்னால் அவர், என்னைத் திட்டிக்கொண்டே. மரமில்லாத பாதையாகப் பார்த்துப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பொழுது சாயக் காற்று அடங்கியதும் திரும்பினோம். கூரை போன இடத்தில் வானம் தெரிந்தது. அம்மிக்கல் மேசையைப் பிளந்து, நாற்காலியையும் முறித்துக்கொண்டு தரையில் கிடந்தது. கல்லில் ஒரு கீறல் இல்லை. மகளைக் கட்டிப் பிடித்தவள் விடவே இல்லை. "சாமிதான் காப்பாத்துச்சு" என்றார்கள் லயத்து ஆட்கள். சாமி எங்கே வந்தது? பையைத் தூக்கிக்கொண்டு நடந்தது நான்!

அவர் மறுநாளே ஹட்டனுக்குப் போய்க் கம்பி வாங்கிவந்து, புதுத் தகரத்தை இறுக்கிக் கட்டினார். ஆனால் அடுத்த வீட்டு அம்மி அவர்கள் கூரையில் அப்படியே இருந்தது. அந்த வீட்டுக் கைக்குழந்தை அதன் கீழேதான் தூங்கும்.

ஒரு நாள் காலை, முறிந்த நாற்காலிக் காலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். லயமே கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"கல்லத் தூக்கித் தலைக்கு மேல வச்சிட்டு கீழ புள்ளயப் போடுவாங்களாண்ணே?"

இத்தனை வருஷமாக நான் கத்திய அதே வார்த்தை! ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி! நறுக்கென்று நாலு கேட்க வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் பதிலுக்குக்கூட நிற்காமல், நாற்காலிக் காலை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தக் கூரையில் ஏணியைச் சாத்தி ஏறத் தொடங்கிவிட்டார். வந்ததை விழுங்கிக்கொண்டு, கல்லை இறக்குவதற்கு ஏணியைப் பிடித்தேன்.