ஓட்டை இல்லாமல் ஒரு கொசொனாக்

மாவு பொங்கிக்கொண்டிருக்கும்போது லாம்பே யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. மணி அடித்தால் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, "யாரா இருந்தாலும் மூணு மணிக்கு மேல வாங்க, மாவு தூங்குது" என்பார். தபால்காரருக்கும் அதே பதில், பாதிரியாருக்கும் அதே பதில். ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி, கதவின் அடியில் ஈரத் துண்டு, சாவித் துவாரத்தில் பஞ்சு. மாவுப் பாத்திரத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணி, அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் அவருடைய டிராம் உத்தியோகக் கோட்டு. கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டுத்தான் நகர்வார்.

பிரெய்லா நகரத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள். குறுக்குக் காற்று பட்டால் பல்வலி, காதுவலி, இடுப்புப் பிடிப்பு, கல்யாண முறிவு எல்லாம் வரும் என்று நம்புகிற ஊர் இது. கொசொனாக் என்கிற கிறிஸ்துமஸ் இனிப்பு ரொட்டிக்குப் பிசைந்த மாவு அமுங்கிப்போவது அந்தப் பட்டியலில் முதலாவது. லாம்பேயின் நியாயம் இன்னும் ஒரு படி மேலே. முப்பத்தோரு வருடமாக டிராம் ஓட்டுகிறார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் நாலு கதவையும் திறந்து மூடுவதுதான் பிழைப்பு. "பொழுதன்னிக்கும் காத்துல கிடக்கேன். வீட்டுலயாவது ஒரு கதவு அசையாம இருக்கட்டுமே" என்பார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஹராலாம்பியே. அவ்வளவு நீளத்தைக் கூப்பிட யாருக்கும் பொறுமையில்லை. வயது அறுபத்தொன்று. குட்டையான, அகலமான மனிதர். டிராமின் கைப்பிடியைத் தள்ளித் தள்ளி இடது கை வலது கையைவிடத் தடித்துவிட்டது. மாவையும் இடது கையால்தான் பிசைகிறார். உருக்கிய வெண்ணெயில் முஷ்டியைத் தோய்த்து, மாவுக்குள் குத்தி, மடித்து, மறுபடி குத்துவார். சமையலறைச் சுவர் வியர்க்கும் வரை பிசைய வேண்டும் என்பது கணக்கு. சுவருக்கு முன்னால் அவர் வியர்த்துவிடுவார்.

கடிகாரம் பார்க்கும் வழக்கம் கிடையாது. பிசைவது பணிமனையிலிருந்து சந்தை வரை. பொங்குவது இரண்டு முழு நடை. ஓவனில் வேகுவது ஆற்றங்கரைக்குப் போய்த் திரும்பும் நேரம், நடுவில் சிக்னலில் மாட்டிக்கொள்வதையும் சேர்த்து. முதல் மாடியில் குடியிருக்கும் மிரூனா, மருந்தியல் படிக்கிற பெண், பக்குவத்தை எழுதிக்கொள்ள நோட்டோடு வந்தாள். சிக்னலுக்கு எத்தனை நிமிடம் போட வேண்டும் என்று கேட்டாள். அது சிக்னலைப் பொறுத்தது என்று லாம்பே பதில் சொன்னார். அவள் அதையும் எழுதிக்கொண்டு போனாள்.

போன வருடம் வரை இந்த வீட்டில் கொசொனாக் செய்தவள் அவர் மனைவி பரஸ்கிவா. லாம்பேக்குக் கொடுக்கப்பட்ட வேலை வால்நட் உடைப்பது, பாத்திரத்தை ஆடாமல் பிடிப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. முப்பத்துநாலு கிறிஸ்துமஸ் அப்படிப் போயின. எலுமிச்சைத் தோலும் ரம்மும் மணக்க, பழுப்பு நிறத்தில், தகர அச்சைவிட்டு நாலு விரல் மேலே எழுந்து நிற்கும் அவளுடைய கொசொனாக். கண்பட்டுவிடும் என்று சொல்லத்தக்க அழகு. குறை ஒன்றே ஒன்றுதான். வெட்டினால், வால்நட்டும் கோகோவும் சுருண்டு கிடக்கிற பூரணத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு பூரணத்தைப் புகழ்வார்கள்.

எதிர்வீட்டு ஸ்தாங்கா அம்மாள் மட்டும் புகழவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், பத்துப் பேர் சுற்றி இருக்க, தனக்கு வந்த கொசொனாக் துண்டைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏண்டி பரஸ்கிவா, மேல் மாடி காலியால்ல கிடக்கு, வாடகைக்கு விட்டுறலாமே" என்றார். மேஜையே சிரித்தது. லாம்பேயும் சிரித்தார். அதற்கு அவருக்கு மூன்று வாரம் தண்டனை கிடைத்தது, ஸ்தாங்காவுக்குப் பதினோரு வருடம். இரண்டு வாசல்களுக்கும் நடுவே ஓர் ஆள் கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். ஆனாலும் இரண்டு பெண்களும் கதவுத் துளை வழியாகப் பார்த்து, மற்றவள் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வெளியே காலை வைப்பார்கள். நாளுக்கு ஒரு வணக்கம் சொல்லிக்கொள்ள லாம்பேக்கு அனுமதி இருந்தது. இரண்டாவது வணக்கம் வீட்டில் விசாரணைக்கு வரும்.

பிப்ரவரியில் பரஸ்கிவா ஆஸ்பத்திரியில் படுத்தாள். தான் போன பிறகு தன் பெயரில் தர்மம் வாங்க வேண்டியவர்களின் பட்டியலை அங்கே படுத்தபடியே சொன்னாள். அக்காவுக்குத் துவாலை, பாதிரியாருக்கு ஒயின், கீழ்வீட்டுப் பெண்ணுக்குத் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தவள், கடைசியில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு என் பேருல ஸ்தாங்காவுக்கும் ஒண்ணு குடு. ஓட்டை இல்லாம." கொஞ்ச நேரம் கழித்து, "கடையில வாங்கிறாத. அவளுக்குத் தெரிஞ்சுரும்."

அவள் லாம்பேயிடம் வைத்த கடைசிக் கோரிக்கை அதுதான். இரண்டு நாளில் போய்விட்டாள்.

இறந்தவரின் பெயரைச் சொல்லி இங்கே ஒருவர் கையில் எதைக் கொடுத்தாலும் அது அங்கே அவர் மேஜைக்குப் போய்விடும். ஒரே நிபந்தனை, வாங்குகிறவர் "போக்தாப்ரோஸ்தே" என்று சொல்ல வேண்டும். இறைவன் அவரை மன்னிப்பாராக என்று பொருள். பழக்கதோஷத்தில் "நன்றி" என்று சொல்லிவிட்டால், கொடுத்த பொருள் வாங்கினவர் வீட்டோடு நின்றுவிடும், அந்தப் பக்கம் போகாது. நாற்பதாம் நாள் தர்மத்தில் மிரூனா இந்தத் தவறைத்தான் செய்தாள். வேகவைத்த கோதுமையைத் தட்டோடு வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி அங்கிள்" என்று கதவைச் சாத்திவிட்டாள். லாம்பே மறுபடி மணி அடித்தார். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தன் மாடி வரை ஏறிப்போய், இறங்கி வந்து, புதிதாகக் கொடுத்தார். "மறுபடி குடுக்கணும்னா மொதல்ல எங்கிட்ட இருக்கணும்லம்மா" என்று அவளுக்கு விளக்கமும் சொன்னார்.

ஆகவே ஸ்தாங்காவின் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்தாக வேண்டும். மன்னிக்கச் சொல்லிக் கடவுளிடம் கேட்டுவிட்டுப் பிறகு சண்டையைத் தொடர முடியாது. சொல் வராவிட்டால் பரஸ்கிவா அங்கே வெறும் தட்டோடு உட்கார்ந்திருப்பாள், அதுவும் ஸ்தாங்காவால். லாம்பேக்கு இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நவம்பரில் ஒத்திகையை ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. முதல் வாரத்துக் கொசொனாக்கின் ஓட்டையில் ஒரு விரல் நுழைந்தது. இரண்டாம் வாரம் இரண்டு விரல். பூரணம் ஈரமாக இருக்கிறது என்று பணிமனையில் ஒருவர் சொன்னார், உலர்த்தினார். உருட்டும் முன் மாவில் முட்டை வெள்ளை தடவச் சொன்னார்கள், தடவினார். பின்னல் ஊசியால் குத்தி ஆவியை வெளியேற்றச் சொன்னார்கள். குத்தியதில் மேல்தோல் அம்மை போட்ட மாதிரி ஆனது, ஓட்டை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்தாம் வாரம் ஈஸ்டைக் குறைத்தார். ஓட்டை மேலேயிருந்து பக்கவாட்டுக்குக் குடிமாறியது.

தோற்றதெல்லாம் திங்கட்கிழமை பணிமனைக்குப் போகும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலம்தான், முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடக்கூடாதுதான். ஆனால் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் விலக்கு உண்டு, டிராம் ஓட்டுகிறவனைவிடப் பெரிய பயணி யார் என்று அங்கே எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். சக ஓட்டுநர் தித்தி மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டே ஆறுதல் சொன்னார். "அண்ணே, ஓட்டைதாண்ணே இதுல நல்லா வெந்திருக்கு."

இருபத்துநாலாம் தேதி லாம்பே லீவு போட்டார். விடியற்காலையில் மாவின் மேல் சிலுவை போட்டு ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் மூன்று கொசொனாக் எடுத்துவிட்டார். மூன்றும் ஒரே மாவு, ஒரே பூரணம், ஒரே சூடு. ஆறிய பிறகு ஒன்றை வெட்டினார். கட்டைவிரல் அளவு ஓட்டை. இரண்டாவதை வெட்டினார். அதில் பாதி அளவுக்கு இருந்தது. மூன்றாவது மீதி நின்றது. அதை வெட்ட முடியாது. வெட்டின கொசொனாக்கை யாரும் தர்மமாகக் கொடுக்க மாட்டார்கள். வெட்டாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியப்போவதும் இல்லை.

சக்கரத்தைத் தட்டிப் பார்த்தே விரிசலைச் சொல்லக்கூடியவர் லாம்பே. கொசொனாக்கைத் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். இரண்டு கையாலும் தூக்கி எடை பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்தார். இதைக் கேட்பதற்கு உலகத்தில் ஒரே ஒருத்திதான் உண்டு, அவள் இல்லை. பத்து மாதமாக எப்படியோ சமாளித்து வந்தவருக்கு அந்த நேரத்தில் மனைவி இல்லாதது தாங்க முடியாத கஷ்டமாக இருந்தது. மூக்கைச் சிந்தி, கையைக் கழுவி, மறுபடி உட்கார்ந்தார்.

பிறகு ஒரு யோசனை வந்தது. ஸ்தாங்கா அம்மாள் நோன்பில் கெட்டி. நாற்பது நாளில் ஒரு சொட்டுப் பால் காப்பியில் விழுந்ததில்லை. ஆகவே இன்றைக்கு வாங்கி வைப்பார், நாளைக்குக் கோயிலுக்குப் போய் வந்துதான் வெட்டுவார். அதற்குள் சொல் சொல்லியாகிவிடும், பரஸ்கிவாவுக்குப் போகவேண்டியது போயிருக்கும். உள்ளே எது இருந்தாலும் அது தெரியும்போது நடுவில் இரண்டு கதவு சாத்தியிருக்கும். திருட்டு யோசனைதான். வேறு வழி தெரியவில்லை.

முகம் மழித்துக்கொண்டு, மாவு ஒட்டிய கோட்டையே போட்டுக்கொண்டு, தட்டில் கொசொனாக்கை வைத்து, அதன் நடுவில் மெழுகுவர்த்தியைச் செருகி ஏற்றி, எதிர்வீட்டு மணியை அடித்தார். கதவுத் துளை இருண்டது. வெகுநேரம் இருண்டே இருந்தது. பிறகு தாழ்ப்பாள் விலகியது. ஸ்தாங்கா அம்மாள் கறுப்புத் தலைத்துணியோடு நின்றார்.

"பரஸ்கிவாவோட ஆன்மாவுக்காக" என்று தட்டை நீட்டினார் லாம்பே.

அந்த அம்மாள் தட்டைப் பார்த்தார். கை நீளவில்லை. "நீயா பண்ணுன?"

"நான்தான்க்கா."

"அவ சொன்னாளா?"

"ஆமா."

"என்னன்னு சொன்னா?"

மெழுகுவர்த்தி எரிகிற தட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல லாம்பேக்கு வரவில்லை. "ஓட்டை இல்லாம குடுக்கச் சொன்னா."

ஸ்தாங்கா அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். கதவு திறந்தபடி கிடந்தது. நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திரும்பக் கேட்டு வாங்கவாவது ஒரு முறை உண்டு. எதுவும் சொல்லாமல் வாங்கிப் போனவரை என்ன செய்வது என்று லாம்பேக்குத் தெரியவில்லை. வாசலிலேயே நின்றார்.

உள்ளேயிருந்து அந்த அம்மாள் திரும்பி வந்தார். ஒரு கையில் தட்டு, மறு கையில் ரொட்டிக் கத்தி. வாசலில் இருந்த செருப்பு அலமாரியின் மேல் தட்டை வைத்தார். மெழுகுவர்த்தியைப் பிடுங்கி, அணைக்காமல் ஒரு டம்ளருக்குள் நிறுத்தினார். லாம்பே அவசரமாக, இன்னைக்கு நோன்பாச்சே, நாளைக்கு வெட்டிக்கலாமே என்றார். கத்தி அதற்குள் நட்டநடுவில் இறங்கிவிட்டது. இன்னொரு வெட்டு. ஒரு துண்டு தனியாகச் சாய்ந்தது.

பூரணம் நன்றாகச் சுருண்டிருந்தது. அதற்கு மேலே, ஆள்காட்டி விரல் தாராளமாக நுழைகிற அளவுக்கு, இருந்தது.

"இருக்கு" என்றார் லாம்பே, தரையைப் பார்த்து.

ஸ்தாங்கா அம்மாள் துண்டைக் கையில் எடுத்தார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"அவ பண்றது மாதிரியேதான் இருக்கு" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, மாடிப்படியில் மூன்று தளத்துக்கும் கேட்கும்படி, "போக்தாப்ரோஸ்தே" என்றார்.

சொல்லிவிட்டு, துண்டின் மேலே கட்டைவிரலையும் அடியில் மற்ற விரல்களையும் கொடுத்து, ஓட்டை இருந்த இடம் தெரியாமல் மூடும் வரை அழுத்தி, வாயில் வைத்துக் கடித்தார்.