பந்தி வைத்துப் பரிமாறிய ரம் பஞ்ச்

1. பின்பக்கம்

நியூ ஜெர்சி கடற்கரையில் ஒரு பாரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என்னை எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னார்கள். ஒரு மேஜை நிறையப் பழம். சாயங்காலம் விரலெல்லாம் எரிந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குடியிருந்தோம். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த வேர்ஹவுஸை மூடிவிட்டார்கள். பத்தாவது வரை படித்தவன், வாய் திறந்து பேசவும் தெரியாதவன். கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். ரூட் 18-ல் காரை விட்டால் கடல் வந்துவிடும்.

உரிமையாளர் பெயர் வெர்னா. பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர். தன் ஊர்க் கடற்கரையில் இருக்கும் ரம் கடை மாதிரியே இதையும் கட்டியிருந்தார். தகரக் கூரை, மஞ்சளும் நீலமுமாகப் பெயின்ட், தரை முழுக்க மணல், மூலையில் டாமினோ கட்டைகளை மேஜையில் ஓங்கி அடித்து விளையாடும் பெரியவர்கள்.

என் வேலைக்குப் பெயர் பார்பேக். கிளாஸ் கழுவ வேண்டும், ஐஸ் சுமக்க வேண்டும், பஞ்ச் கலந்து வைக்க வேண்டும். அளவு சுலபம். எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு இரண்டு, ரம் மூன்று, தண்ணீரும் பழச்சாறும் சேர்ந்து நான்கு. இதை முந்தின நாளே கலந்துவிடுவோம். கொடுக்கும்போதுதான் ஐஸ், பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு சொட்டு, கடைசியில் துருவிய ஜாதிக்காய். ஜாதிக்காய் வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் பஞ்ச் நாக்கில் பட வேண்டும் என்பார் வெர்னா.

நான் குடிப்பதில்லை. கிறிஸ்தவ சபைக்குப் போகிற குடும்பம். கிச்சனில் மீன் பொரிக்கும் யோகன் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர். இதை வைத்தே என்னைச் சீண்டுவார்.

"என்ன அண்ணை, ஞாயிறு பாட்டுப் புத்தகம், சனி ரம் போத்தல். கையில ரெண்டையும் மாறி எடுத்துப்போடாதேங்கோ."

2. குட் ஆஃப்டர்நூன்

ஒருமுறை வெர்னா என்னைக் கவுன்ட்டரில் நிறுத்தினார். வயதான ஒருவர் வந்தார். நான் தலையைக் குனிந்தபடி "யெஸ், வாட் யூ வான்ட்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. திரும்பவும் கேட்டேன். அவர் வெர்னாவைப் பார்த்தார். வெர்னா என்னை உள்ளே அனுப்பிவிட்டார்.

பிறகு வந்து விளக்கினார். அவர் பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"ஜெபா, எங்க ஊர்ல பஸ்ல ஏறினாக்கூட எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லிட்டுத்தான் உக்காருவோம். முகத்தப் பாத்து ஒரு குட் ஆஃப்டர்நூன் சொல்லல. அவர நீ மனுஷனாவே மதிக்கலேன்னு நெனச்சுட்டாரு."

நம் பக்கம் பெரியவர்கள் முன்னால் தலை குனிந்தால் அதுதான் மரியாதை. இங்கே அதுவே அவமரியாதை. புரிந்தது. ஆனாலும் கவுன்ட்டரில் ஒருவர் எதிரே நின்று என்னையே பார்த்தால் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடும்.

செப்டம்பரில் கடற்கரை பாரை மூடுவார்கள். பார்பேக் ஆட்களுக்கு வேலை போகும். முன்னால் நின்று ஊற்றிக்கொடுக்கும் பார்டெண்டர் மட்டும் ஊருக்குள் இருக்கும் வெர்னாவின் ரெஸ்டாரண்டில் வருஷம் முழுக்க வேலை பார்க்கலாம். அந்தக் கோடையில் பழைய பார்டெண்டர் ஃப்ளோரிடா போய்விட்டார். இடம் காலி. வெர்னா நேராகவே சொன்னார்: வருஷந்தோறும் இங்கே நடக்கும் நர்சம்மாக்களின் பிக்னிக் அன்று முன்னால் நின்று சமாளித்தால் அந்த இடம் எனக்கு. இல்லையென்றால் திங்கட்கிழமை பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்.

வீட்டில் சொன்னேன். "ஏங்க, பேசாம ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றாள் மனைவி. பார் வேலைக்கு ஜெபமா என்று நான் கேட்கவில்லை. அவளும் யோசித்திருப்பாள்.

3. நர்சம்மாக்களின் பஸ்

பார்படோஸிலிருந்து வந்து இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சுகள் அவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பஸ் நிறைய வருவார்கள். தலைவி சிஸ்டர் யூனிஸ். வெயிலிலும் தொப்பி, கையுறை. அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோர் கையிலும் பஞ்ச் வந்த பிறகு யூனிஸ் ஜெபம் சொல்வார். அந்த வருஷம் இறந்துபோனவர்களின் பெயரைச் சொல்லி எல்லோரும் ஒன்றாகக் கிளாஸைத் தூக்குவார்கள். அதுவரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

கவுன்ட்டரில் நீண்ட வரிசை. வெர்னா ஒருபக்கம், நான் ஒருபக்கம். முதலில் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து, துடைத்த கிளாஸையே மறுபடி துடைத்தேன். வெர்னாவே இரண்டு பக்கமும் ஊற்றத் தொடங்கினார். வரிசை பாதிகூட வரவில்லை, முதலில் வாங்கியவர்களின் கிளாஸில் ஐஸ் கரைந்துவிட்டது. யூனிஸ் தன் கிளாஸைக் கவுன்ட்டரில் வைத்தார்.

"வெர்னா, இது பஞ்ச் இல்ல. கிளாஸ் கழுவின தண்ணி. பக்கத்துலயும் ஒரு பார் இருக்கு."

வெர்னாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து அசனம் ஞாபகம் வந்தது. சபைக் கோயில் பண்டிகைக்கு ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அங்கேயும் ஜெபம் முடியும்வரை இலையில் கை வைக்கக் கூடாது. அதற்குள் எல்லா இலையிலும் சோறு விழ வேண்டும், குழம்பு ஆறவும் கூடாது. மீசை முளைக்கும் முன்பே அங்கே வாளி தூக்கியவன் நான்.

வெர்னாவின் பக்கத்தில் போய், "மேடம், எல்லாரையும் உட்கார வைங்க. நாம நடந்து போய் ஊத்துவோம்" என்றேன். அவர் கையிலிருந்த ஜாடியைக் கீழே வைத்தார். பிறகு கையைத் தட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

பிக்னிக் மேஜைகளை இழுத்து நீளமாகச் சேர்த்தோம். முதலில் காலி கிளாஸ் மட்டும் வைத்தோம். யோகன் அடுப்பை அணைத்துவிட்டு ஐஸ் வாளியோடு முன்னால் போனார். அவர் பின்னால் நான் பஞ்ச் ஜாடியோடு. என் பின்னால் பிட்டர்ஸோடு வெர்னா. கடைசி மேஜை முடிந்ததும் ஜாதிக்காயையும் துருவியையும் எடுத்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து நடந்தேன்.

அப்போதுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. நின்றால்தான் எனக்குக் கூச்சம். நடந்தால் இல்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "குட் ஆஃப்டர்நூன், சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே போனேன். முதலில் ஒன்றிரண்டு பேர் பதில் சொன்னார்கள். நடு மேஜைக்குப் போனபோது நான் வருவதற்கு முன்பே அவர்கள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"அண்ணை, மெதுவா. ஐஸ் முந்துதோ நீங்க முந்துறியளோ?" என்றார் யோகன்.

ஜெபம் நடந்தது. பெயர்களைச் சொன்னார்கள். எல்லாக் கிளாஸும் ஒரே நேரத்தில் உயர்ந்தது. எல்லாவற்றிலும் ஐஸ் இருந்தது.

பழக்கதோஷத்தில் காலிக் கிளாஸ்களைப் பார்த்ததும் மறுபடி ஜாடியோடு நடந்தேன். ஒரு நர்சம்மா போதும் என்று கிளாஸை உள்ளங்கையால் மூடினார், நம் ஆட்கள் இலையை மறைப்பதைப் போலவே. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், காரணம் தெரியாமலே.

யூனிஸ் ஒரு மடக்கு குடித்துவிட்டு வெர்னாவைக் கூப்பிட்டார்.

"இந்த ஆள எங்கேருந்து பிடிச்ச?"

"எங்கேயும் இல்ல. பின்னாடிதான் இருந்தாரு. நான்தான் தப்பான எடத்துல நிறுத்தியிருந்தேன்" என்றார் வெர்னா. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இவர்தான் என் பார்டெண்டர்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் மேஜையைத் தட்டினார்கள்.

அந்தச் செப்டம்பரில் நான் ஊருக்குள் இருந்த ரெஸ்டாரண்டுக்குப் போனேன். விளம்பரம் எதுவும் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கூச்சம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் கைகாலுக்குத் தெரிந்த ஒரு முறை இருக்கும். அந்த முறையில் செய்துபார்க்கட்டுமா என்று முதலாளியிடம் வாய் திறந்து கேளுங்கள். அன்று வெர்னாவிடம் அதைச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டம். மற்றதெல்லாம் வெறும் நடைதான்.