எவர்சில்வர் டம்ளர் வைத்த எஞ்சின்

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய எனக்கு, ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக்கூடச் சொந்தக் கையால் கழற்றிய அனுபவம் கிடையாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அசிங்கம்.

கடலூர் மாவட்டமே வெள்ளத்தில் மிதந்த வருடத்துக்கு முந்தைய வருடம், நெய்வேலி டவுன்ஷிப்பில் நடந்தது இது. நான் அப்போது மைன்ஸ் அலுவலகத்தில் மேஜை வேலையில் இருந்தேன். பழைய உதிரி பாகங்களைக் 'கண்டம்' செய்வதற்கு, அதாவது கழித்துக்கட்டுவதற்கு, குறிப்பு எழுதுவது என் பிரதான தொழில். உருளையோ பேரிங்கோ பம்போ எது வந்தாலும், சுற்றிவந்து பார்த்துவிட்டு 'பழுது பார்க்கத் தகுதியற்றது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அது ஸ்கிராப் யார்டுக்குப் போய்விடும். இருபது வருடத்தில் ஒரு பாகம்கூடத் திரும்பி வந்து என்னிடம் நியாயம் கேட்டதில்லை. அதனால் என் தீர்ப்பில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது.

மீதி நேரத்தில் எஞ்சின் புத்தகங்கள் படிப்பேன். படித்ததை ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்மேல் இறக்கிவைப்பேன். பெரும்பாலானவர்கள் தூங்குவதுபோல நடிப்பார்கள். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டே வருவார். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குவார்ட்டர்ஸ். ராட்சத மண்வெட்டி இயந்திரத்தில் ஆபரேட்டர். கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலைக்கு வந்த குடும்பம். அவர் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டதற்குக் காரணம், இயந்திரத்தோடு முப்பது வருடம் இருந்ததில் அவர் காது பாதிக்கு மேல் போயிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சார், எங்க வூட்டாண்ட ஒரு எஞ்சின் கெடக்குது. பையனோடது. ஓடுமான்னு பாத்து சொல்றீங்களா?"

பையனைப் பற்றித் தெருவுக்கே தெரியும். கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படித்தான். அங்கே கோ-கார்ட் பந்தயப் பைத்தியம் பிடித்தது. தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டுகிற குட்டி ரேஸ் வண்டி. யாரிடமோ ஒரு பழைய வெளிநாட்டு எஞ்சினை வாங்கி, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து, பின்பக்க ஷெட்டில் இரும்பு ஸ்டாண்டில் பூட்டி அலறவிடுவான். மூன்றாம் வருடம் எஞ்சினை இங்கேயே விட்டுவிட்டுப் போனவனுக்கு ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். அதன்பிறகு ஐந்து வருடமாக அந்த ஷெட்டை யாரும் திறக்கவில்லை.

இப்போது அவர் ரிட்டயர் ஆகிறார். மூன்று மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

"பையனோட அம்மா ஒரு வாட்டி அந்தச் சத்தத்தக் கேக்கணும்ன்றா சார். இந்த வூட்லயே கேக்கணுமாம். வேற ஒண்ணும் கேக்கல. புதுசா எதுவும் செய்ய வேணாம். இருக்கிறபடியே ஓட வெச்சாப் போதும்."

'இருக்கிறபடியே' என்ற சொல்லை அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகத்தான் இருந்தது.

ஷெட்டைத் திறந்து பார்த்தோம். எஞ்சின் சாக்குக்குள் இருந்தது. சிலிண்டர் துருப்பிடித்து, பிஸ்டன் அதோடு ஒட்டிப்போயிருந்தது. மந்தாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். கைவேலை எல்லாம் அவருடையது, மேற்பார்வையும் விரிவுரையும் என்னுடையவை. இரண்டு வாரம் டீசலில் ஊறப்போட்டும் பிஸ்டன் அசையவில்லை. உடைத்துத்தான் எடுத்தார். சிலிண்டரின் உள்சுவரில் ஆழமான கீறல்கள்.

அப்போதுதான் அந்தச் சுவரில் புகை வெளியேறும் ஜன்னலை, அதாவது எக்ஸாஸ்ட் துவாரத்தை, பார்த்தேன். பையன் அதை அரத்தால் ராவி உயரமாக்கியிருந்தான். வேகம் கூடுவதற்காகச் செய்வது. ஆனால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, கோணலாக இருந்தது. எக்ஸாஸ்ட் பைப் அதைவிட மோசம். தகரத்தை வளைத்து அவனே வெல்டிங் அடித்திருந்தான். ஒட்டு ஒவ்வொன்றும் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி. கடைசித் துண்டாக, அடிப்பாகம் வெட்டிய ஓர் எவர்சில்வர் டம்ளர். கரியைத் துடைத்தால் அதில் புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு இனிஷியல் எழுத்துகள் தெரிந்தன. அவன் அம்மாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரம்.

நான் சிரித்தேன். பைப்பின் நீளமும் சரிவும் எப்படிக் கணக்கிடப்பட வேண்டும் என்று ஒரு புத்தகத்தில் நாற்பது பக்கம் இருக்கிறது. அதில் டம்ளர் எங்கேயும் வருவதில்லை.

மெக்கானிக் பைப்பைக் கையில் உருட்டிப் பார்த்தார். "அசிங்கமா இருக்குது, அவ்ளோதான் சார். ஓட்டை இல்ல. தட்டி நிமித்தி மாட்டிக்கலாமே."

"கணக்கே தப்புப்பா. இத மாட்டினா எஞ்சினோட மானம் போயிடும்."

"யாரோட மானம்?" என்றார் அவர். பிறகு அவரே, "சரி, படிச்சவரு சொல்றீங்க" என்று அடுத்த நட்டைக் கழற்றப் போய்விட்டார்.

அன்று மாலையே பழைய பைப், உடைந்த பிஸ்டன், அந்த ஜன்னலோடு பிடுங்கிய சிலிண்டர் லைனர் என்ற உள்குழாய் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி மந்தாரக்குப்பம் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தேன். குறிப்பு எழுதவில்லையே தவிர, மனதுக்குள் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டேன்.

புது லைனர் இறக்கினோம். ஜன்னலைப் புத்தக அளவில், கோணல் இல்லாமல் வெட்டச் செய்தேன். பைப்பை என் கணக்குப்படி செய்தோம். அக்கம்பக்கத்தில் குழந்தைகள் படிக்கிற காலம் என்று நானே கருணையோடு யோசித்து, முனையில் கண்ணாடிப் பஞ்சு அடைத்த சைலன்சர் ஒன்றும் வைத்தேன். வேலை நடந்த நாட்களில் அந்த அம்மா ஷெட் வாசல்வரை வந்து காபி வைத்துவிட்டுப் போவார். உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். ஒரே ஒருநாள், "எல்லாம் அவன் பூட்டுன மாதிரியே தான இருக்கும் சார்?" என்று கேட்டார்.

"அதைவிட நல்லா இருக்கும் பாருங்க" என்றேன்.

காலி செய்வதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்டாண்டை வாசல் பக்கம் திருப்பி வைத்தோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா குளித்து, நல்ல புடவை உடுத்தி, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டில் பெண் வீட்டார் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ரேஸ் எஞ்சின்களுக்குப் பெட்ரோலோடு விளக்கெண்ணெய் சேர்ந்த ஆயில் கலப்பார்கள். அதைத் தேடி வாங்கியிருந்தேன். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம்.

மெக்கானிக் கயிறு சுற்றி இழுத்தார். இரண்டு தடவை இருமி, நீலப் புகையைக் கக்கி நின்றுபோனது. அந்த வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. நான் பெருமையோடு மெக்கானிக்கைப் பார்த்தேன்.

மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. நான் த்ராட்டிலைத் திறந்தேன். எஞ்சின் ஒரே சீராக, வழவழவென்று, தையல் மெஷின் மாதிரி ஓடியது.

அம்மா கண்ணைத் திறந்துவிட்டார்.

முதலில் எஞ்சினைப் பார்த்தார். பிறகு பைப்பின் முனையை. அங்கே டம்ளர் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. மைன்ஸில் விபத்து என்று சைரன் கேட்டால் வாசலுக்கு வந்து, வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

பக்கத்து வீட்டு அம்மா காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பரவால்லயே சார், நைசா ஓடுதே!" என்றார். நான் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன். அந்த நிமிடம்வரை எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பையனின் அப்பா ஸ்டாண்டின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். இருக்கிற காதுக்குச் சத்தம் எட்டவில்லை போலும். அதிர்வைத்தான் பிடித்துப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது. மனைவி பக்கம் திரும்பி, காது கேளாதவர்களின் உரத்த குரலில், "அதேதான? நம்ம பையன் சத்தம்தான?" என்று கத்தினார்.

அந்த அம்மா எழுந்து போய், அவர் காதருகே குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, "அதே... தாங்க..." என்றார்.

அவர் சிரித்தார். நான் த்ராட்டிலை மூடினேன். என் வாழ்க்கையில் ஒரு பாகம் திரும்பி வந்து நியாயம் கேட்டது அன்றுதான்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு இரும்புக் கடைக்குப் போனேன். "அந்த லோடு முந்தா வாரமே கெளம்பிடுச்சு சார்" என்றார் கடைக்காரர். எங்கே என்று கேட்டேன். உருக்குகிற இடத்துக்கு என்றார். அந்த டம்ளர் மாதிரி ஒன்றை வாங்கி மாட்டினால் என்ன என்றுகூட மெக்கானிக்கிடம் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோணலாக ராவிய ஜன்னலின் அளவை நான் குறித்துக்கூட வைக்கவில்லை. தப்பான கணக்கை யார் குறித்து வைப்பார்கள்?

வீட்டைக் காலி செய்த அன்று லாரியில் சாமான் ஏற்ற நானும் போனேன். எஞ்சினைச் சாக்கில் சுற்றி, டிரைவருக்குப் பக்கத்தில், காலடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். என் பைப்பை மட்டும் கழற்றி ஷெட் சுவரில் சாய்த்து விட்டுவைத்திருந்தார்கள். மறந்துவிட்டார்கள் போல என்று எடுத்துக்கொண்டு போனேன். "அது உங்களுதுதான சார்" என்றார் அம்மா.

இப்போதும் அது என் வீட்டுப் பரணில் இருக்கிறது. பிறகு பணி ஓய்வு பெறும்வரை, 'பழுது பார்க்கத் தகுதியற்றது' என்று எழுதுகிற ஒவ்வொரு தடவையும், பழுது அந்தப் பொருளில் இருக்கிறதா, பார்க்கிற கண்ணில் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் பேனா நின்றுதான் நகர்ந்தது.

லாரி கிளம்புவதற்கு முன், அவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகு, அந்த அம்மாவிடம் மன்னிப்பு கேட்டேன். பைப், டம்ளர், கணக்கு என்று ஏதோ உளறினேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்கிற மாதிரியே சொன்னார்:

"வுடுங்க சார், எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. அவன் எஞ்சின ஓட்டுனா, பக்கத்து வூட்டம்மா செவுத்துக்கு மேல நின்னுக்கினு மண்ணை வாரித் தூத்தும். நீங்க ஓட்டுனப்ப, நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போச்சு."