பன்னிரண்டரை மணிச் சாக்ஸ்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் செய்தவை இவை. ஜெயங்கொண்டம் சாலையில், கருவேல முள் மண்டிக் கிடந்த பொட்டலில் ஒரு ஹாலோ பிளாக் பட்டறை. இரண்டு முறை போர் போட்டும் வெறும் புழுதி பறந்த அதே இடத்தில், மூன்றாவது முறை தண்ணீர். நான் போட்ட கல்லாலேயே எழும்பிய மாடி வீடு. மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றுச்சுவர். அதில் ஒன்று நான் படிப்பை விட்ட பள்ளிக்கூடம். இன்ஜினியராகி இப்போது சிங்கப்பூரில் இருக்கும் மகன். எதற்கும் எவனும் கை கொடுக்கவில்லை. இவன் தேறமாட்டான் என்று சொன்னவர்கள்தான் பின்னால் கல்லுக்கு என்னிடம் வந்து நின்றார்கள்.

இந்த வரிசையில் கடைசியாக ஒன்றைச் சேர்க்கிறேன்: என் பேத்தியின் இரண்டு பாதங்கள். சிரிக்க வேண்டாம். போர்த் தண்ணீரைவிட அதுதான் என்னை அதிகம் வேலை வாங்கியது.

எனக்கென்று முதல் செருப்பு வந்தபோது மீசை முளைத்திருந்தது. அதனால் பேத்தி யூகேஜி சேர்ந்தவுடன் திருச்சிக்கே போய் ஷூ வாங்கினேன். கறுப்பு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். கூடவே முழங்கால் வரை வருகிற வழுவழுப்பான நைலான் சாக்ஸ். என் பேத்தி வெறுங்காலோடு மண்ணில் நிற்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டேன். காலை எட்டு மணிக்கு மாட்டினால், டியூஷன் முடிந்து வரும்வரை ஷூ காலிலேயே இருக்கும்.

இரண்டு மாதத்தில் பெருவிரலும் அதன் அடிப்பாகமும் சிவந்து மினுமினுத்தன. பிறகு சின்ன வெங்காயம் உரிவதுபோலத் தோல் உரிந்தது. இரண்டு கால்களும் ஒரே மாதிரி. நான் பார்த்தவுடன் சொல்லிவிட்டேன், இது சேற்றுப்புண் என்று. நடவு வயலில் நின்று வளர்ந்தவனுக்குத் தெரியாத கால் நோயா? ஈரம் ஆகாது, காய வைக்க வேண்டும். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் கொட்டி, பட்டறையில் கல் அடுக்கின் ஓரம் அவளை உட்கார வைத்து, கால்களை வெயிலில் நீட்டச் சொன்னேன்.

"மாமா, டாக்டர்கிட்ட காட்டிடலாம் மாமா," என்றாள் மருமகள்.

"எத்தனை சேத்துப்புண்ண பாத்திருக்கேன். இதுக்கு ஒரு டாக்டரா?"

"இவ எங்க மாமா சேத்துல எறங்குனா? வூட்டு வாசலத் தாண்டுனா ஷூவு, ஸ்கூலுக்குப் போனா ஷூவு."

வெயில்தான் மருந்து என்று குரலை உயர்த்தினேன். பத்து நாள் வெயிலில் காய்ந்ததும் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. குழந்தை குதிகாலால் நடந்தாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் ஓடி வந்து என் மடியில் ஏறினாள். "தாத்தா, எங்க மிஸ்ஸு எனக்கு மட்டும் தனி சேர் போட்டிருக்காங்க! கதவுகிட்ட!"

பரிசு கிடைத்ததுபோலச் சொன்னாள். மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பள்ளிக்கூட ஆயா சாக்ஸைக் கழற்றியபோது காலைப் பார்த்திருக்கிறார். கூடப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் இரண்டு பேர் தொத்து நோய் என்று புகார் சொல்லியிருக்கிறார்கள். தனியாக உட்கார வைப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த நாற்காலியை எடுக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் அரியலூர் போனோம். தோல் டாக்டரம்மா காலைப் பார்த்தார், நான் செய்த வெயில் வைத்தியத்தையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஷூவைக் கேட்டு வாங்கி உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"சேத்துப்புண்ணும் இல்ல, தொத்தும் இல்ல பெரியவரே. இந்த ஷூவ வாங்குனது யாரு?"

மருமகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

"நான்தாங்க."

"காத்தே போகல பாருங்க. நாள் பூரா வேர்வையில ஊறுது. கழட்டுன உடனே சட்டுனு காயுது. அதுலதான் தோல் உரியுது. இதுல நீங்க வெயில்ல வேற காய வச்சிருக்கீங்க."

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால் அது என் தொழில். புதுக் கல்லை நனைத்துவிட்டு வெயிலில் சட்டென்று காயவிட்டால் மேலெல்லாம் மயிர்க்கோடாய் வெடிப்பு விழும். அதற்காகத்தான் ஈரச் சாக்கைப் போட்டு மூடி நாள்கணக்கில் பதம் காப்போம், க்யூரிங் என்போம். முப்பது வருஷமாகக் கல்லுக்குச் செய்வதை ஐந்து வயதுக் காலுக்குச் செய்யத் தெரியாமல் போனேனே.

வெடிப்புக்கு ஒரு வாரம் மட்டும் ஆயின்ட்மென்ட். தினமும் சாயங்காலம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஊற வேண்டும். ஒற்றி எடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே வாஸ்லின் பூச வேண்டும். துணி ஷூ, பருத்தி சாக்ஸ். வேர்வை பிடித்தால் நடுப்பகலில் சாக்ஸ் மாற்ற வேண்டும்.

"ரெண்டு மாசம்கூட ஆகும். நடுவுல விட்றாதீங்க."

"விடுறது எனக்குப் பழக்கமில்லீங்க டாக்டரம்மா."

தொத்து இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு பள்ளிக்குப் போனேன். டீச்சர் நல்லவர்தான். "எனக்குப் புரியுதுங்கய்யா, மத்த அம்மாக்களுக்குப் புரியணுமே. உரியிறது நிக்கட்டும், சேத்து உக்கார வைக்கிறேன். மதியம் சாக்ஸ் மாத்தத்தான் ஆள் இல்லீங்க."

"ஆளு நான் இருக்கேன்."

பருத்தி விளைகிற மண்ணில் பருத்தி சாக்ஸுக்கு அலைந்தேன். பெரம்பலூரில் நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒரு டஜன் வாங்கினேன். அதற்குப் பிறகு தினமும் பன்னிரண்டரை மணிக்குப் பட்டறையில் கையைத் தேய்த்துக் கழுவி, சட்டைப் பையில் உலர்ந்த சாக்ஸோடு மொபெட்டில் கிளம்பினேன். ஏற்றுவதற்கு லாரி நின்றாலும் நிற்கட்டும்.

"என்னங்க மொதலாளி, கல்லு லோட விட்டுட்டு சாக்ஸ் லோடா?" என்றான் லாரி டிரைவர்.

"ஆமாண்டா. இது ஒடஞ்சா மாத்திக் குடுக்க என்கிட்ட வேற கல்லு இல்ல."

பள்ளி வராந்தாவில், சோறு ஊட்ட வந்த எல்லா அம்மாக்களும் பார்க்கத்தான் காலை மடியில் வைத்துத் துடைப்பேன். வேண்டுமென்றேதான். "தொத்திக்காதா பெரியவரே?" என்றார் புகார் சொன்னவர்களில் ஒருவர். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவர் முன்னால் நீட்டினேன். "தெனம் வருவேன். தெனம் பாத்துக்கிங்க."

பேத்திக்கு வேறு கவலை. "தாத்தா, ஒங்க கை சொரசொரங்குது. ஒங்களுக்கும் வாஸ்லின் போடணும்."

ஒரே ஒரு நாள் தவறினேன், கல் அளக்க ஆள் வந்ததால். சாயங்காலம் பெருவிரல் மறுபடி சிவந்திருந்தது. அதற்கப்புறம் எவன் வந்தாலும் பன்னிரண்டரைக்கு நான் பட்டறையில் இல்லை. மழையில் சாக்ஸை மட்டும் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு நான் நனைந்து போனேன்.

ஏழாவது வாரம் உரிவது நின்றது. எட்டாவது வாரம் பாதம் முழுக்கப் புதுத் தோல். அன்று மதியம் போனபோது அவள் மற்ற பிள்ளைகளோடு பெஞ்சில் இருந்தாள். என்னைக் கேள்வி கேட்ட அம்மாவின் பெண்தான் பக்கத்தில். பேத்தி கோபமாக இருந்தாள். "தாத்தா, என் சேர எடுத்துட்டாங்க!"

"எடுக்க வச்சதே நான்தாண்டி," என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகன் வீடியோவில் வந்தான். மருமகள் பாதத்தைக் காட்டி, "அரியலூர் டாக்டர் குடுத்த ஆயின்ட்மென்ட்ல சரியாப் போச்சுங்க," என்றாள். ஆயின்ட்மென்ட் முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டது. டியூப் குப்பைக்குப் போய் ஏழு வாரமாகிறது. நான் போனை வாங்கி அதைச் சொன்னேன். மகன் சிரித்தான். சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் இன்றைக்கும் ஆயின்ட்மென்ட் கதைதான் ஓடுகிறது.

டாக்டரம்மா நோயைக் கண்டுபிடித்தார், மறுக்கவில்லை. சாயங்காலம் ஊற வைத்துப் பூசியது மருமகள். அவள் ஒரு நாள்கூட விடவில்லை. அந்தப் பளபளப்பு ஷூவை வாங்கியதும், வெயிலில் காய வைத்ததும் நான். அதையும் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம். ஆனால் அதைச் சொல்கிற வாய், எட்டு வாரம் பன்னிரண்டரை மணிக்குச் சாக்ஸ் மாற்றியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகனிடம் சொல்ல வேண்டும், சம்பந்தி வீட்டில் சொல்ல வேண்டும். அவள் வளர்ந்து, இந்தக் கால் எப்படி ஆறியது என்று ஒரு நாள் கேட்டால், முதலில் என் பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் ஆயின்ட்மென்டைச் சொல்லுங்கள்.